பரணில் இருக்கும் பாகம்

பாகப் பிரிவினை என்றதும் நிலமும் வீடும் பாங்கிக் கணக்குமே நம்மவர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அவற்றைப் பிரிப்பது அவ்வளவு கடினமான காரியம் அன்று. மனையைச் சர்வேயர் அளந்து கொடுத்து விடுவார். பாங்கிக் கணக்கைக் குமாஸ்தா கூட்டிக் கழித்துச் சொல்லி விடுவார். கடைசியில் எஞ்சி நிற்பவை கூடத்து ஊஞ்சல், சுவாமி அறையிலுள்ள தஞ்சாவூர்ப் படம், அம்மாவின் அட்டிகை, சமையலறை அலமாரியில் மங்கிக் கிடக்கும் ஈயச் சொம்பு முதலியவைதாம். அரை கிரவுண்டு மனையைத் தம்பிக்கு மனமுவந்து விட்டுக் கொடுத்த தமக்கை, வெண்கல உருளி விஷயத்தில் மட்டும் இறங்கி வர மாட்டேன் என்கிறாள். "ஒரு பழைய பாத்திரத்துக்கா இத்தனை சண்டை?" என்று ஊரார் சிரிக்கிறார்கள்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. மனை அப்பா பணம் கொடுத்து வாங்கியது. பணம் இருந்தால் இன்னொரு மனை வாங்கிக் கொள்ளலாம். உருளியோ அம்மா ஐம்பது வருஷம் தீபாவளிக்குத் தீபாவளி கிளறிய உருளி. அதற்கு மாற்று எந்தப் பாத்திரக் கடையிலும் கிடையாது. இந்த இரண்டு விதச் சொத்துக்களையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கப் பார்ப்பதனாலேயே பல குடும்பங்களில் பேச்சு வார்த்தை அற்றுப் போகிறது என்பது நமது அபிப்பிராயம்.

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரம் தொடங்கித் தாம்பரம் வரையில், இந்தப் பிரச்னை இன்று தெருவுக்குத் தெரு எழுந்திருக்கிறது. 1931-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடி வந்தது. பிறகு சர்க்கார் ஆபீஸ்களிலும் ரயில்வேயிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மனை வாங்கி, கிணறு வெட்டி, பின்புறம் ஒரு மாமரம் வைத்து வீடு கட்டிக் கொண்டார்கள். தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்விக வீடுகளிலிருந்து வந்த அண்டாக்களும் குத்துவிளக்குகளும் மரப்பெட்டிகளும் இந்த வீடுகளின் பரண்களில் ஏறின.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வீடு கட்டியவர்கள் ஒவ்வொருவராகக் காலமாகி வருகிறார்கள். பிள்ளைகளில் ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாடி வீடுகள் எழும்புகின்றன. அடுக்கு மாடி வீட்டிலும் பரண் உண்டு. ஆனால் அதற்குள் அண்டா நுழையாது! வீடு இடிக்கும் தேதி நெருங்கும்போது பழைய சாமான்காரர் வண்டியுடன் வாசலில் வந்து நிற்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கூடும் பல்லாவரத்துச் சந்தைக்குச் சென்று பார்த்தால், கோணி விரிப்பின் மேல் சுவர்க் கடிகாரங்களும் பழைய காமிராக்களும் பித்தளைச் சாமான்களும் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்திலிருந்து வந்தவைதாம். அவசரத்தில் விற்றவருக்கு அவற்றின் மதிப்புத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

முதலில் ஜாபிதா

மதிப்புப் போடுவதற்கு முன் எண்ணிக்கை போட வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து விட்டுப் பின்னால் அவஸ்தைப்படுகின்றன.

போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தின் கதையை நேயர்கள் அறிவார்கள். முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி காலமானார். அவருடைய தமையனாரின் மக்கள் இருவரே வாரிசுகள் என்று சென்னை ஹைகோர்ட்டு 2020-இல் தீர்மானித்தது. அதே வருஷத்தில் அந்த வீட்டை நினைவு இல்லமாக்குவதற்காகச் சர்க்கார் கையகப்படுத்தியபோது, உள்ளே இருந்த பொருள்களின் ஜாபிதாவும் வெளியாயிற்று. மொத்தம் 32,721 உருப்படிகள். தங்கம் 4 கிலோ 372 கிராம், வெள்ளி 601 கிலோ 424 கிராம், புத்தகங்கள் 8,376, துணிமணி வகைகள் 10,438. 2021 நவம்பரில் ஹைகோர்ட்டு அந்தக் கையகப்படுத்தலை ரத்துச் செய்தது. டிசம்பர் மாதம் வீட்டுச் சாவி வாரிசுகளின் கைக்கு வந்தது. உரியவர் மறைந்து அதற்குள் ஐந்து வருஷங்கள் கழிந்து விட்டன.

நமது வீடுகளில் 601 கிலோ வெள்ளி இராது. ஆனால் முறை ஒன்றுதான். வாரிசுகள் எல்லோரும் கூடியிருக்கும் சமயத்தில், அல்லது தூரத்திலுள்ளவர்கள் கைபேசித் திரையில் பார்த்துக் கொண்டிருக்கும் சமயத்தில், அறை அறையாகச் சென்று ஒவ்வொரு பொருளையும் எழுத வேண்டும். படமும் எடுத்துக் கொள்ள வேண்டும். பொருள் இன்னது, அதன் எடை அல்லது அடையாளம் இன்னது, அது யாரிடமிருந்து வந்தது என்று மூன்று பத்தி போதும். மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டு விடக் கூடாது. அதன் பெருமையைப் பின்னர்ச் சொல்கிறோம்.

இந்த மூன்றாவது பத்திக்குப் பாத்திரங்களே சாட்சி சொல்லும். கல்யாணத்துக்கு வாங்கும் பாத்திரத்தின் விளிம்பில் பெயர் வெட்டிக் கொடுப்பது நம் நாட்டுப் பழக்கம் அல்லவா? கொடுத்தவர் பெயரும் தேதியும் அதில் இருக்கும். அம்மாவுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தது எது, பின்னால் வாங்கியது எது என்பது அதனால் விளங்கும். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு விசேஷத்துக்கு இரவல் வாங்கிய அத்தை வீட்டுத் தவலை நம் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்ட ரகசியமும் சில சமயம் வெளிப்படும்!

தராசில் நிற்பவை

தங்கமும் வெள்ளியும் தராசில் நிற்கும் சொத்து. ஆயினும் தராசு சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஐந்து சவரன் அட்டிகை, அதாவது 40 கிராம், இருக்கிறதென்று வைத்துக் கொள்வோம். கெம்புக்கல் பதித்த பழைய நகையானால், கல்லுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்து, உள்ளே அரக்கு நிரப்பிக் கட்டியிருப்பார்கள். கல்லும் அரக்கும் 12 கிராம் போனால் மிச்சம் 28 கிராம். அந்தத் தங்கத்தில் நூற்றுக்கு 88 பங்கே சுத்தமானால், சொக்கத் தங்கம் 25 கிராமுக்கும் சற்றுக் குறைவு. இந்தியாவில் ஹால்மார்க் முத்திரை 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆகையால் பாட்டி காலத்து நகையில் அந்த முத்திரையைத் தேடிப் பயனில்லை. உரைகல்லிலோ, நகையைச் சேதப்படுத்தாமல் மாற்றுச் சொல்லும் யந்திரத்திலோ பரீட்சிக்க வேண்டும். வாங்குகிற கடைக்காரரே மதிப்பிடுவதை விட, வாங்கும் எண்ணம் இல்லாத, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்து மூலம் மதிப்புப் பெறுவது உசிதம்.

நகையை உருக்கினால் அரக்கு கருகிப் போகும். கல் உதிர்ந்து போகும். வேலைப்பாடு அழிந்து போகும். தங்கத்தின் விலை மாத்திரம் கைக்கு வரும். நல்ல பழைய வேலைப்பாடு உள்ள ஒட்டியாணத்தையும் ராக்கொடியையும் முழுதாக விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே உருக்கும் மதிப்பு, முழு நகையின் மதிப்பு என்று இரண்டையும் கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும்.

வைரத் தோட்டின் சங்கதி இன்னொரு தினுசு. நம் பாட்டிமார்கள் பெருமையுடன் சொல்லும் 'ப்ளூ ஜாகர்' என்ற பெயர், தென்னாப்பிரிக்காவிலுள்ள ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. இலேசான நீல ஓட்டத்துக்குப் பேர் போன கற்கள் அவை. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டு விட்டது. வீட்டில் ஜாகர் என்று வழங்கும் கல்லெல்லாம் ஜாகர் ஆகிவிடாது. கல்லைக் கழற்றிப் பரீட்சிக்காமல் அதன் எடையையோ தரத்தையோ நிச்சயமாகச் சொல்ல முடியாது.

தேதி விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். 2025-ஆம் ஆண்டு பிறந்தபோது சென்னையில் ஒரு சவரன் 58,000 ரூபாய்க்குள் இருந்தது. அக்டோபர் மாதத்தில் 90,000 ரூபாயைத் தாண்டி விட்டது. தை மாதத்தில் பணமாகப் பங்கு பெற்றுக் கொண்ட தம்பி, ஐப்பசியில் அக்காள் கழுத்திலுள்ள சங்கிலியைப் பார்த்து ஏமாந்து போனதாக எண்ணினால் அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. எல்லாப் பொருளுக்கும் ஒரே நாள் விலையை வைத்துக் கொள்ள வேண்டும். கணக்குத் தீர்ப்பதையும் அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும். அது முடியாவிட்டால், தங்கத்தை ரூபாயில் பிரிக்காமல் கிராமில் பிரித்துக் கொள்வதே நியாயம்.

பாத்திரங்களில் ஈயச் சொம்பை அலட்சியம் செய்ய வேண்டாம். பார்ப்பதற்கு அழகில்லாத பண்டம். ஆனால் அது நல்ல வெள்ளீயமாயின் பித்தளையை விட விலை அதிகம். 232 டிகிரி உஷ்ணத்தில் உருகிவிடும் உலோகமாகையால், ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்த புது மருமகள்கள் பலர் வீட்டில் பேச்சு வாங்கியிருக்கிறார்கள். ஆயினும் பழைய சொம்பில் காரீயம் கலந்திருக்கக் கூடும். காரீயம் விஷம். பரீட்சித்துப் பாராமல் அதை மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

பழையது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றுக்கும் விலை கூடிவிடாது. சிங்கர் தையல் யந்திரம் பழையதாக இருக்கலாம். அதிலுள்ள தொடர் எண்ணைக் கொண்டு அது செய்யப்பட்ட வருஷத்தைக் கூடக் கண்டுபிடித்து விடலாம். ஆனால் உலகம் முழுவதும் லட்சக் கணக்கில் விற்ற யந்திரம் அது. ரவிவர்மா அச்சகத்துப் படங்களும் அப்படியே. ரவிவர்மா கையால் தீட்டிய அசல் ஓவியம் நாட்டின் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டது; அவருடைய அச்சுப் படமோ அக்காலத்தில் வீட்டுக்கு வீடு தொங்கியது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கோட்டை கட்டக் கூடாது.

கதையினால் வரும் மதிப்பு

இனி, மூன்றாவது பத்தியின் பெருமையைச் சொல்கிறோம். 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே, ஏல நிலையம் ஒன்றின் தபால் பெட்டியில் ஒரு பழைய மூக்குக் கண்ணாடி போடப்பட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை போட்டது, திங்கட்கிழமை வரையில் அங்கேயே கிடந்தது. அதைப் போட்ட முதியவர், உதவாது என்றால் தூர எறிந்து விடும்படி சொல்லியிருந்தாராம். தம் உறவினர் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது காந்தியடிகள் அவருக்குக் கொடுத்த கண்ணாடி அது என்று அவர்கள் குடும்பத்தில் தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஏலக்காரர் விசாரித்தபோது தேதிகளும் இடமும் பொருந்தின. 15,000 பவுன் வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆகஸ்டு 21-ஆம் தேதி அது 2,60,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. நம் கணக்கில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல்!

அந்தக் கண்ணாடியின் தங்க முலாம் அவ்வளவு பெறாது. குடும்பத்தார் மறவாமல் வைத்திருந்த கதைதான் அவ்வளவு பெற்றது. பெயரும் ஊரும் வருஷமும் மறந்து போயிருந்தால், பல்லாவரத்துச் சந்தையில் நூறு ரூபாய்க்குக் கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் வீட்டு மூக்குக் கண்ணாடிக்குக் கோடி ரூபாய் வராது என்பது வாஸ்தவம். ஆயினும் தாத்தா சிறைக்குப் போனபோது கொண்டு சென்ற தகர டம்ளரும், பாட்டி நூற்ற ராட்டையும், கதை தெரிந்த வரையில்தான் டம்ளரும் ராட்டையும். கதை மறைந்தால் ஒன்று பழந்தகரம், மற்றொன்று விறகு.

காகிதத்தின் கதி இதைக் காட்டிலும் பரிதாபமானது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரந்தோறும் வெளியான 'பொன்னியின் செல்வன்' கதையை, மணியம் வரைந்த சித்திரங்களுடன் கிழித்தெடுத்துத் தைத்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. இன்று அந்தக் கட்டுகளைக் கிலோ கணக்கில் பழைய பேப்பர்க்காரரிடம் போடுகிறார்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸுகள், கல்யாணப் பத்திரிகைகள் என்று கைக்குக் கிடைத்த அச்சுக் காகிதத்தையெல்லாம் வாழ்நாள் முழுவதும் திரட்டினார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்தன. 1992-இல் அவர் காலமானார். அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக் கழகம் விலைக்கு வாங்கியது. சிதற விடாமல், தமிழ் நாட்டிலேயே இருக்கும்படியும் செய்தது. 1994-இல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தரமணியில், தாம்பரத்துக்காரர்கள் எளிதில் சென்று பார்க்கக் கூடிய தூரத்தில், அந்த நூலகம் இருக்கிறது. பழைய காகிதக்காரர் கையில் அகப்பட்டிருந்தால் பொட்டலம் மடிக்கப் போயிருக்கக் கூடிய காகிதங்களை இப்போது ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்து படிக்கிறார்கள். வீட்டில் பழைய புத்தகங்கள் இருந்தால் அங்கே ஒரு வார்த்தை கேட்டு விட்டுப் பிறகு கடைக்குப் போடுங்கள். ஏட்டுச் சுவடியாயின், பெசன்ட் நகரில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பெயரால் விளங்கும் நூல் நிலையத்தை நாடலாம்.

சட்டம் சொல்வது

கதையும் காகிதமும் ஒருபுறம் இருக்கட்டும். சட்டத்தைப் பற்றி நம் குடும்பங்களில் நிலவும் சில தப்பெண்ணங்களை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மாவின் நகை பெண்களுக்கே என்று சிலர் சாதிக்கிறார்கள். மருமகளுக்கே என்று வேறு சிலர் சாதிக்கிறார்கள். அம்மா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956-ஆம் ஆண்டு ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவள் நகை மகன்களுக்கும் மகள்களுக்கும் கணவருக்கும் சம பாகம். மருமகளுக்குச் சட்டப்படி நேர்ப் பங்கு இல்லை. அப்பா உயிலின்றிக் காலமானால் அவருடைய மனைவி, மக்கள், அவருடைய தாயார் ஆகியோருக்குச் சம பங்கு. கிறிஸ்தவக் குடும்பங்களில், மக்கள் இருந்தால், விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு போக மீதி மக்களுக்குச் சமமாகச் சேரும். முஸ்லிம் குடும்பங்களில் மகளின் பங்கு மகனுடையதில் பாதி.

சர்க்காருக்குப் பயந்து நகையை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாரிசாகப் பெறும் சொத்தின் மேல் விதிக்கப்பட்ட மரண வரி 1985-இலேயே எடுக்கப்பட்டு விட்டது. பெற்ற நகையையோ ஓவியத்தையோ பிற்பாடு விற்றால், லாபத்துக்கு வரி உண்டு. அதற்கு மூத்தவர் வாங்கிய விலையும் வருஷமும் தெரிய வேண்டும். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியதானால் அன்றைய மதிப்பை எடுத்துக் கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கட்டில், பீரோ, பாத்திரங்களை விற்பதற்கு அந்த வரி கிடையாது.

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தஞ்சாவூர்ப் படமோ, பஞ்சலோக விக்கிரகமோ 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். அதை வீட்டில் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவே கூடாது. ஆகவே அத்தகைய பொருள் யார் பாகத்துக்குப் போனாலும் இந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதை அறிந்து கொண்டு பாகம் வையுங்கள்.

எப்படிப் பிரிப்பது?

தராசில் நிற்பவற்றை விலை போட்டுச் சமமாகப் பிரித்து விடலாம். நிற்காதவற்றை விலை போடவே கூடாது என்பது நமது துணிபு. "உருளி மூவாயிரம், வேண்டுமானால் மூவாயிரம் கொடுத்து எடுத்துக் கொள்" என்று அண்ணன் சொன்ன மாத்திரத்தில் அம்மாவின் உருளி கடைச் சரக்காகி விடுகிறது. பணமுள்ள பிள்ளை எல்லாவற்றையும் எடுத்துக் கொள்வான். கடைசி வரையில் அம்மாவுடன் இருந்து பணிவிடை செய்த பெண் வெறுங்கையுடன் போவாள்.

அதற்குப் பதிலாக முறை வைத்து எடுத்துக் கொள்ளலாம். முதற் சுற்றில் மூத்தவர் தொடங்கி இளையவர் வரையில் ஒவ்வொரு பொருள். அடுத்த சுற்றில் இளையவர் தொடங்கி மூத்தவர் வரையில். ஒரே பொருளை இருவர் கேட்டால் சீட்டுப் போடலாம். தாம்பரத்திலிருந்து தெற்கே போனால் வரும் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய வருஷங்களில் பொறித்த கல்வெட்டுக்கள், சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலை முறையை விதிக்கின்றன. ஒரு சிறுவனைக் கொண்டு குடத்திலிருந்து ஓலை எடுக்கச் செய்தார்கள். ஊர் விவகாரத்துக்குத் தகுந்த முறை உருளி விவகாரத்துக்குத் தகாமற் போகுமா? பேரக் குழந்தை எடுத்துக் கொடுக்கும் சீட்டின் மேல் யாருக்கும் கோபம் வராது.

புகைப்படங்களையும் கடிதங்களையும் பிரிக்கவே வேண்டாம். எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்து, அசலை ஒருவர் காக்கட்டும். காப்பவர் அதை உயரமான இடத்தில் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் அடையாற்று நீர் புகுந்ததை நாம் அதற்குள் மறந்து விடக் கூடாது.

இவ்வளவு சொன்ன பின்பும் ஒரு காரியம் மீதி இருக்கிறது. அதைப் பிள்ளைகளால் செய்ய முடியாது, பெரியவர்களால்தான் முடியும். எந்தப் பொருள் யாருக்கு என்று உயிருடன் இருக்கும்போதே இரண்டு சாட்சிகளை வைத்து உயிலாக எழுதி விட்டால் சண்டைக்கே இடமில்லை. உயில் எழுத மனம் வராவிட்டால், பரணிலுள்ள சாமான்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பேரக் குழந்தையைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் செய்யட்டும். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் அத்தகைய பெரியவர்கள் இன்னும் அநேகம் பேர் இருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள், வீட்டை இடிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கொண்டு வந்து தாயாரின் அருகில் உட்காரட்டும்.